கோமதியின் ஒரே வாசகர்

'மடித்த பக்கம்' வாசகர் குழுவுக்கு நெற்றிப்பட்டை என்கிற புதுக் கருவி வந்து சேர்ந்தபோது குழுவுக்கு இருபத்துநான்கு வயது. மின்னஞ்சல் குழுவாக ஆரம்பித்து, முகநூலுக்குப் போய், அங்கிருந்து வாட்ஸப்புக்கு வந்து, கடைசியில் தனக்கென்று ஒரு செயலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட குழு அது. உறுப்பினர்கள் ஆயிரத்துச் சொச்சம். வாய் திறந்து பேசுகிறவர்கள் முப்பது பேர் இருக்கலாம். அந்த முப்பதில், எழுதினால் மற்றவர்கள் நின்று படிக்கிற ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் பாளையங்கோட்டை கோமதி. இன்னொருவர் ஓசூர் அம்பலவாணன்.

கோமதி தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவள். பத்தொன்பது வயதில் ஆபரேட்டராகச் சேர்ந்து, இணைப்புப் பலகை முன்னால் உட்கார்ந்து ஊருக்கு ஊர் லைன் போட்டுக் கொடுத்தவள். மகள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது கணவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் இவ்வளவு படிக்க ஆரம்பித்தாள். படித்ததைப் பற்றிச் சொல்லும்போது யாருக்காகவும் குரலைத் தணிக்க மாட்டாள். ஒரு நாவல் பிடிக்கவில்லை என்றால் மூன்று வரியில் அதைப் புதைத்துவிடுவாள். அந்த மூன்று வரிக்காகவே குழுவில் காத்திருப்பவர்கள் இருந்தார்கள்.

அம்பலவாணன் வேறு மாதிரி. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கருவிகள் வடிவமைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். யாரையும் திட்ட மாட்டார், யாரையும் பாராட்டவும் மாட்டார். ஒரு புத்தகத்தைப் பற்றி 'படிக்கலாம்' என்று அவர் எழுதினால், எழுதியவர் அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவதாக ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாணியம்பாடி ஃபரிதா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குழு ஆரம்பித்த முதல் மாதத்திலிருந்தே இருந்தவள். 'அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போற எடத்துல அழுதுட்டேன்' என்கிற மாதிரிதான் எழுதுவாள். கோமதிக்கு அது ஆகாது. ஒருமுறை ஃபரிதா ஏதோ ஒரு நாவலைப் படித்து இரண்டு தடவை அழுததாக எழுதியதற்குக் கீழே, 'எவ்வளவு கண்ணீர் வந்தது என்று கணக்குச் சொல்ல இது குடிநீர் வாரியம் இல்லை' என்று கோமதி எழுதினாள். நூற்றுப் பத்துப் பேர் சிரிப்புக் குறி போட்டார்கள். அம்பலவாணன் போடவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. ஃபரிதா 'சரிக்கா' என்று மட்டும் எழுதினாள். அதன்பின் அவள் எழுதவே இல்லை. சில மாதங்களில் உறுப்பினர் பட்டியலிலிருந்தும் அவள் பெயர் போய்விட்டது. கோமதி அதைக் கவனித்தபோது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இது நடந்தது எட்டு வருடத்துக்கு முன்னால். அதற்கும் ஐந்து வருடம் முந்தி, கோமதி ஒரு நாவல் எழுதியிருந்தாள்.

'பதினாறாம் பலகை' என்று பெயர். ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் கற்பகம் என்ற பெண்ணின் கதை. முந்நூறு பிரதிகள் அச்சடித்தார்கள். குழுவில் எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். புத்தகத்தைக் கையில் பிடித்துப் படம் எடுத்துப் போட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் பேசவில்லை. பிடிக்கவில்லை என்று கோமதியிடம் சொல்லப் பயம், பிடித்தது என்று பொய் சொல்லவும் பயம். இரண்டு மாதம் அந்த மௌனத்திலேயே கழிந்தது. கோமதி தூக்க மாத்திரை போட ஆரம்பித்தது அப்போதுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பலவாணனின் கடிதம் குழுவில் வந்தது. அச்சிட்டால் ஒன்பது பக்கம். நான்கு வாக்கியத்துக்கு மேல் எழுதியே இராத மனிதர். அதில் ஒரு பத்தி கோமதிக்கு மனப்பாடம்:

'இந்த நாவலில் கற்பகம் பேசுகிற வாக்கியங்களைத் தனியாக எடுத்து எழுதிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு வந்தது. ஒன்றைத் தவிர அத்தனையும் அடுத்தவருக்காகப் பேசுபவை. லைனில் யாரோ சொன்னதை யாருக்கோ சொல்கிறாள். வீட்டில் அப்பா சொன்னதை அம்மாவிடம் சொல்கிறாள். தனக்காக அவள் பேசுவது அந்த ஒரே ஒரு வாக்கியம்தான். அது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. "எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்" என்கிறாள். அதைப் படித்துவிட்டு நானும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.'

கோமதி அப்படித் திட்டமிட்டு எழுதவில்லை. கடிதத்தைப் படித்த பிறகுதான் தன் நாவலில் அது இருப்பது அவளுக்கே தெரிந்தது. மூன்றாவது மாதம் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நாவலில் உட்கார்ந்தாள். மகள் வினோதினி முதல் பிரசவத்துக்கு வருகிறேன் என்றபோது, "இப்ப முடியாதுட்டீ, கதை நடுவுல நிக்கு. பிள்ள பெறந்ததும் நானே வாரேன்" என்றாள். வினோதினி மாமியார் வீட்டிலேயே பெற்றுக்கொண்டாள். அதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை போன் பண்ணி, மழை பெய்ததா, மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். இரண்டாவது நாவல் ஆயிரத்து நூறு பக்கம் தாண்டியும் முடியவில்லை. எழுதவே வேண்டாம் என்று தோன்றும் நாட்களில் கோமதி அந்த ஒன்பது பக்கங்களை எடுத்து வைத்துப் படிப்பாள். மறுபடி எழுதுவாள். பதிமூன்று வருடம் இப்படிப் போனது.

நெற்றிப்பட்டையைக் குழுவுக்குக் கொண்டுவந்தவள் ஜெயசீலி. தூத்துக்குடிக்காரி, மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். குழுவை நிர்வகிப்பவள் அவள்தான். மாதாந்தரக் கூட்டத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்று திரையில் சொன்னாள்.

"ஒரு புத்தகத்தப் படிக்கும்போது நம்ம மண்டைக்குள்ள ஒரு தடம் விழும்லா. எங்க நின்னோம், எங்க தாவிப் போனோம், எங்க அழுதோம், எல்லாம். இந்தப் பட்டையப் போட்டுக்கிட்டு அட்டையையும் மொதப் பக்கத்தையும் பாத்தா அந்தத் தடம் எந்திரிக்கும். பட்டை அத நகல் எடுத்துக்கும். அந்த நகல இன்னொருத்தங்க போட்டா, இருவது நிமிசத்துல அவங்களுக்குள்ள எறங்கிரும்."

"அப்ப புத்தகம் படிக்க வேண்டாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கதை முழுசா வராது. படிச்ச ஆளு வருவாங்க."

"படிச்ச ஆளு மடையனா இருந்தா?" என்றாள் கோமதி. எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் மூன்று மாதம் குழு திருவிழா மாதிரி இருந்தது. ஒருவர் தடத்தை ஒருவர் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரே நாவலை நாற்பது விதமாகப் படிக்கலாம் என்று வியந்தார்கள். பிறகு சின்னச் சின்னதாக ஏதோ உடைய ஆரம்பித்தது. கும்பகோணத்தில் ஒரே தெருவில் இருபது வருடமாகப் புத்தகம் மாற்றிக்கொண்ட இரண்டு நண்பர்கள். ஒருவர், தான் பரிசாகக் கொடுத்த புத்தகத்தின் தடத்தை மற்றவரிடமிருந்து வாங்கிப் போட்டார். பரிசை வாங்கியவர் முதல் பக்கத்திலிருந்தே இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே படித்திருந்தார். இரண்டு பேரும் இப்போது எதிரெதிரே வந்தால் குனிந்துகொண்டு போகிறார்களாம். தடம் கொடுக்க மறுத்தால், அந்த ஆள் புத்தகத்தைப் படிக்கவே இல்லை என்று பேச்சு வந்தது. கொடுத்தால் வேறு ஏதாவது தெரிந்துவிடுகிறது. முன்பெல்லாம் 'நான் அப்படி நினைக்கவில்லை' என்று ஒருவர் எழுதினால் மூன்று நாள் சண்டை நடக்கும். இப்போது 'தடம் குடுங்க' என்பார்கள். 'குடுத்தாச்சு' என்று பதில் வரும். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

கோமதிக்கு இதில் வருத்தம் இல்லை. 'இருபது வருடமாக யார் யார் பொய் சொன்னார்கள் என்று இப்போதாவது தெரிகிறதே' என்று குழுவில் எழுதினாள். அதற்கு வழக்கம்போலச் சிரிப்புக் குறிகள் விழுந்தன. முன்பைவிடக் குறைவு.

அம்பலவாணனுக்கு அந்த வருடம் இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். எழுபது வயது. அதற்கு முன்னால் அவர் படித்த எல்லாவற்றின் தடங்களையும் குழுவுக்குத் தந்துவிட வேண்டும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். ஜெயசீலி தினமும் போன் போட்டாள். அவர் மூன்று வாரம் பட்டையை மாட்டிக்கொண்டு அலமாரிகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. அவர் வீடு திரும்பிய வாரத்தில் ஜெயசீலி முழுப் பட்டியலையும் செயலியில் போட்டாள்.

பட்டியலில் 'பதினாறாம் பலகை' இருந்தது.

கோமதி உடனே போட்டுப் பார்க்கவில்லை. இரண்டு நாள் தள்ளி வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போவது போல நல்ல சேலையாக எடுத்து உடுத்திக்கொண்டு, போனை அணைத்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தடத்தை ஏற்றிவைத்த பட்டையை மாட்டிக்கொண்டாள். கடைசிப் பக்கத்தில் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாரே, அந்த இடத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

முதலில் மருந்து வாடை வந்தது. பக்கத்து அறையில் யாரோ முனகும் சத்தம். முழங்காலில் ஒரு வலி. கண் வரிகளின் மேல் போகிறது, ஆனால் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. தான் நான்கு மாதம் திருத்தித் திருத்தி எழுதிய முதல் அத்தியாயம், பஸ் ஜன்னல் வழியே தெரியும் கடைப் பலகைகள் மாதிரி ஓடுவதைக் கோமதி உள்ளிருந்து உணர்ந்தாள். கற்பகத்தையும் அவள் தங்கையையும் அவர் இரண்டு இடத்தில் குழப்பிக்கொண்டார். முப்பதாம் பக்கத்தில் புத்தகத்தைத் திருப்பி, மொத்தம் எத்தனை பக்கம் என்று பார்த்தார். அலுப்பு. கொஞ்சம் பரிதாபம்கூட. 'பாவம், இவ்வளவு எழுதியிருக்காங்க.' நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பக்கத்து அறையிலிருந்து ஒரு கூப்பாடு. அவர் எழுந்தார்.

அத்தோடு சரி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கோமதி திரும்பவும் போட்டாள். மூன்றாவது முறையும் போட்டாள். பிறகு ஜெயசீலியைக் கூப்பிட்டாள்.

"தடம் பாதியில அறுந்து நிக்கும்மா. மிசின் கோளாறா?"

"எந்தப் புத்தகம்க்கா?"

கோமதி சொன்னாள்.

"மிசின் அப்படிப் பாதியில விடாதுக்கா. படிச்ச வரைக்கும் இருக்கும்." பிறகு தயங்கிச் சொன்னாள். "சார் எங்கிட்ட ஒண்ணு சொல்லியிருந்தாங்க. நம்ம குழு ஆளுங்க எழுதுனத மட்டும் பட்டியல்ல போட வேண்டாம்னு. நாந்தான் கேக்கல. எல்லாரும் அதத்தானே பாக்க ஆசப்படுவாங்கன்னு போட்டேன். தப்புதான்க்கா. எடுத்துரட்டுமா?"

"இனி எடுத்து என்னத்துக்கு" என்று கோமதி வைத்துவிட்டாள்.

மறுநாளே பெங்களூரு ரயிலில் ஏறி, அதற்கடுத்த நாள் காலை ஓசூரில் இறங்கினாள். இருபத்துநான்கு வருடத்தில் அவர்கள் நேரில் பார்த்துக்கொண்டது மூன்று முறைதான், எல்லாம் புத்தகக் கண்காட்சிகளில். அம்பலவாணன் பாதியாக இளைத்திருந்தார். வாசலில் அவளைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"வாங்கம்மா. உட்காருங்க. காப்பி கலக்கச் சொல்லட்டுங்களா?"

"நீங்க நாப்பத்தோரு பக்கந்தான் படிச்சிருக்கிய."

அவர் மெல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆமாங்க."

"பொறவு அந்த ஒம்பது பக்கம் எப்படி எழுதுனிய?"

"நான் எழுதலீங்க." அவர் நெஞ்சுத் தையலின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார். "அந்த வருசம் எம் சம்சாரம் சரோஜா பக்கவாதம் வந்து படுத்துட்டா. இதோ, பக்கத்து ரூம்லதான். ரெண்டு வருசம் என்னால எதையுமே படிக்க முடியலீங்க. எடுத்தா நாலு பக்கம், அஞ்சு பக்கம். குழுவுல சொல்ல வெக்கமா இருந்துச்சு. மொதப் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துட்டு 'படிக்கலாம்'னு எழுதிட்டு இருந்தேன். உங்க புத்தகத்துல நாப்பது பக்கம் போனதே பெருசுங்க."

"எழுதுனது யாரு?"

"ஃபரிதா."

கோமதிக்கு முதலில் அந்தப் பெயர் பிடிபடவில்லை. எந்த ஃபரிதா என்று கேட்கவிருந்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"சரோஜா படுத்தது குழுவுல எல்லாருக்கும் தெரியுமுங்க. வாரா வாரம் போன் பண்ணி எப்படி இருக்காங்கன்னு கேட்டது அந்தப் புள்ள ஒண்ணுதான். ஒரு நாள் இந்த ஒம்பது பக்கத்த அனுப்பி, சார், உங்க பேர்ல போடுங்கன்னுச்சு."

"அவ பேர்லயே போட வேண்டியதுதானே?"

"நானும் அதையேதான் கேட்டேன். 'நான் சொன்னா அக்கா மதிக்க மாட்டாங்க சார், வழக்கம்போல அழுதிருப்பான்னு நெனச்சுக்குவாங்க. நீங்க சொன்னா அடுத்தத எழுதுவாங்க'ன்னு சொல்லுச்சுங்க."

வெளியே காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் தக்காளி விலை சொல்லிக்கொண்டு போனார்.

"குடிநீர் வாரியம்னு நான் எழுதுனப்ப நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்திய."

"பார்த்தேனுங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா இதும் வெளிய வந்துருமோன்னு பயமுங்க. அந்தக் கடுதாசிக்கு அப்புறம் என்னைக் குழுவுல எப்படிப் பார்த்தாங்கன்னு உங்களுக்கே தெரியும். பெரிய வாசகர்ன்னாங்க. எனக்கும் அது புடிச்சுப்போச்சு."

"அதுக்கப்புறம் பதிமூணு வருசம் இருந்துச்சே. எடுத்துப் படிக்கத் தோணலியா?"

"அட்டையப் பார்த்தாலே கை போகலீங்க."

கோமதி எழுந்தாள். கேட்க வேண்டாம் என்று ரயிலில் நினைத்துக்கொண்டு வந்த கேள்வியை வாசலில் நின்று கேட்டாள்.

"அந்த நாப்பத்தோரு பக்கம். சரோஜா அம்மாவுக்கு முடியாததுனால ஓடலியா, இல்ல நான் எழுதுனது நல்லா இல்லியா?"

அம்பலவாணன் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அவர் பொய் சொல்லாதவர் என்று குழுவில் பெயர்.

"ரெண்டும்னு வெச்சுக்குங்களேன்" என்றார். பிறகு ஃபரிதாவின் நம்பரை ஒரு மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒன்பது நாள் கோமதி அந்த நம்பரைத் தொடவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது தெரிந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஓர் ஆசை இருந்தது. அதை அவளால் மறைக்க முடியவில்லை. உலகத்தில் ஒரே ஒருத்தி அந்த நாவலை முழுக்கப் படித்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்திருக்கிறாள். அந்தத் தடம் அவளுக்குள் இருக்கும். இருபது நிமிடம் அது கிடைத்தால் போதும்.

பத்தாம் நாள் மத்தியானம் கூப்பிட்டாள்.

"அக்காவா?" ஃபரிதாவின் குரலில் பழைய மரியாதை அப்படியே இருந்தது. "நல்லா இருக்கீங்களா? சார் சொன்னாரு, நீங்க கூப்புடுவீங்கன்னு."

கோமதி மன்னிப்புக் கேட்டாள். தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று மட்டும் வந்தது.

"அது ஆயி எவ்ளோ நாளாச்சு. உடுங்கக்கா."

"எனக்கு ஒண்ணு தருவியா, ஃபரிதா? என் புத்தகத்த நீ படிச்ச தடம். பட்டைய நானே அனுப்பி வைக்கேன்."

"அது இல்லக்கா. போச்சு."

"போச்சுன்னா?"

"இப்ப வர்ற மிசினு நகல் எடுக்குது. நாலு வருசம் முன்னாடி மொத மொத வந்ததுக்கு நகல் எடுக்கத் தெரியாது. எடுத்தா இங்க இருக்காது. ஒரு கம்பெனிக்காரங்க எங்க ஸ்கூலுக்கு வந்து, நல்லா படிக்கிறவங்க வேணும், பரிசோதனைக்குன்னாங்க. கொஞ்சம் மங்கும்னுதான் சொன்னாங்க. வாழ்க்கையில ரொம்பப் புடிச்ச பத்து புத்தகம் சொல்லுங்கன்னாங்க. சொன்னன். உங்களுது நாலாவது."

"எல்லாமே போயிருச்சா?"

"பேரு ஞாபகம் இருக்கு. அட்டை ஞாபகம் இருக்கு, மஞ்சக் கலர்ல ஒரு டெலிபோன் படம். உள்ளாற போனா செவுரு மாதிரி நிக்கிது. மத்த ஒம்பதும் அப்படித்தான். அதுங்களப் பத்திப் பேசுனது எழுதுனதுகூட நெனப்பு இல்ல. கொஞ்ச நாள் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுக்கா. யாரோ செத்துப்போன மாதிரி இருக்கும், யாருன்னு தெரியாது."

"அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட இருக்கும்லா?"

"கேட்டுப் பாத்தன். ஜனங்க கேக்கற புத்தகத்த மட்டும் வெச்சிக்கினு மத்தத அழிச்சிட்டாங்களாம். உங்களுத யாரும் கேக்கலன்னாங்க." உடனே சேர்த்துச் சொன்னாள், "தப்பா எடுத்துக்காதீங்க."

கோமதி போனைக் காதில் வைத்தபடி நின்றாள். வைத்துவிட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மனப்பாடமாக இருந்த அந்தப் பத்தியைச் சொன்னாள். இருநூற்றுப் பதினான்கு வாக்கியங்கள், தனக்காக ஒரே வாக்கியம், கடைசிப் பக்கத்துத் தண்ணீர், எழுந்து போய்க் குடித்தது. முழுவதையும் சொன்னாள்.

"எவ்ளோ நல்லா சொல்லியிருக்காங்க" என்றாள் ஃபரிதா. "யாருக்கா எழுதுனது?"

"நீதாம்மா."

ஃபரிதா, "புத்தகத்த அனுப்புங்கக்கா, மறுபடி படிக்கிறன்" என்றாள். அவள் குரல் மாறியிருந்தது.

கோமதி அன்றைக்கே கூரியரில் அனுப்பினாள். பிறகு ஆறு வாரம் காத்திருந்தாள். அந்த ஆறு வாரத்தில் இரண்டாவது நாவலை அவள் திறக்கவில்லை. 'மடித்த பக்கம்' குழுவிலும் ஒன்றும் எழுதவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. வினோதினி மட்டும் வழக்கம்போலக் கூப்பிட்டு மழையைப் பற்றிக் கேட்டாள். "ஒரு நாள் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வாயேன்" என்றாள் கோமதி. "பாக்கலாம்மா, பரிட்ச நேரம்" என்றாள் வினோதினி.

ஏழாவது வாரம் ஃபரிதா கூப்பிட்டாள்.

"முடிச்சிட்டன்க்கா."

"சொல்லு."

"நல்லாதான் இருக்கு."

கோமதிக்கு அந்தத் தொனி தெரியும். இருபத்துநான்கு வருடம் மற்றவர்களுடைய புத்தகங்களுக்கு அந்தத் தொனி வருவதைக் கேட்டிருக்கிறாள். "என்ட்ட இனிமே மறைக்காத. உள்ளதச் சொல்லு" என்றாள்.

ஃபரிதா நிதானமாக, வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள்.

"மொத பாதியில கற்பகம் தெரியலக்கா, உங்க கோவந்தான் தெரியுது. அப்புறம் போகப் போக நல்லா வருது. ஆனா அவ வாய் தொறக்கறப்பல்லாம் நான் எண்ண ஆரம்பிச்சிட்டன். இது அடுத்தவங்களுக்காக, இதுவும் அடுத்தவங்களுக்காகன்னு. கடைசிப் பக்கம் வந்தப்ப தண்ணி கேக்கப் போறான்னு தெரிஞ்சிருச்சு. கேட்டா. எனக்கு ஒண்ணும் ஆவல. நீங்க போன்ல சொல்லாம இருந்திருந்தா ஒருவேள நானே கண்டுபுடிச்சிருப்பனோ என்னவோ. ஒரு தடவ கண்டுபுடிச்சவதானே."

ஆபரேட்டர் வேலையில் இருந்தபோது, லைனில் அழுகிறவர்களுக்குத் தன் மூச்சுச் சத்தம் கேட்காமல் இருக்கக் கோமதி குழலிலிருந்து வாயைத் தள்ளி வைத்துக்கொள்வாள். இப்போது தனக்காக அப்படிச் செய்தாள்.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன். இப்ப நீ என்ன படிக்க?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் ஃபரிதாவிடம் அவள் அதைக் கேட்டதே இல்லை.

"வியாழக்கெழமையானா எங்க வீட்ல ஏழெட்டுப் பேரு சேந்து படிக்கிறோம். ஒருத்தரு சத்தமா படிப்பாங்க, மத்தவங்க கேப்போம். தூரத்துல இருக்கறவங்க போன்ல கேப்பாங்க. பட்டை கிட்டை ஒண்ணும் கெடையாது. படிச்சி முடிச்சிட்டு ரொம்ப நேரம் பேசினே இருப்போம்."

"நானும் போன்ல கேக்கட்டுமா?" என்றாள் கோமதி. "வாய் தொறக்க மாட்டேன். சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. மத்தவங்களக் கேட்டுச் சொல்றன்."

"யார்ட்ட கேக்கணும்?"

"அதுல நாலு பேரு நம்ம குழுல இருந்து வந்தவங்க." சொல்லலாமா என்று தயங்கிவிட்டு, நான்கு பெயர்களையும் சொன்னாள்.

"சரிம்மா. கேட்டுச் சொல்லு" என்றாள் கோமதி.

மூன்று வியாழக்கிழமைகள் போய்விட்டன. ஃபரிதா கூப்பிடவில்லை. கோமதியும் நினைவூட்டவில்லை. அந்த நால்வரில் மூன்று பேருக்குத் தான் எழுதிய மூன்று வரிகள் அவளுக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கின்றன. நான்காவது பெண்ணிடம் என்ன சொன்னோம் என்றுதான் எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. அந்தப் பெயரில் ஒருத்தி குழுவில் இருந்ததே அவளுக்கு நினைவில்லை.